மெட்ராஸ் காசை பர்மிங்காமில் அடித்தவர்

உங்க பாக்கெட்ல ரெண்டு அஞ்சு ரூபாய் நாணயம் இருந்தா எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாருங்க. ஒரே மாதிரி நாணயமா இருக்கணும், அவ்வளவுதான். ஓரம் ஓரத்தோட பொருந்தும், வட்டம் வட்டத்தோட பொருந்தும். இதுல என்ன அதிசயம்னு கேப்பீங்க. 230 வருஷத்துக்கு முன்னாடி நம்ம தாத்தாவோட தாத்தா காலத்து ஆள் கையில இதைக் கொடுத்திருந்தா, அவர் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். அன்னைக்கு நம்ம பக்கம் காசுன்னா சுத்தியலால அடிச்ச செம்புத் துண்டு. ஒண்ணு நீளமா இருக்கும், ஒண்ணு கோணலா இருக்கும், பாதி முத்திரை வெளியில போயிருக்கும்.

அந்தக் கோணலை நிமிர்த்தினவர்களில் முக்கியமான ஒருத்தரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அவர் பெயர் மேத்யூ போல்டன். நீங்க மெக்கானிக்கல்னா இந்தப் பெயரை ஒரு வரியில படிச்சுத் தாண்டியிருப்பீங்க: "போல்டன் அண்ட் வாட்". நீராவி எஞ்சின்னா எல்லாருக்கும் ஜேம்ஸ் வாட் ஞாபகம் வரும். ஆனா கம்பெனிப் பலகையில முதல்ல இருந்த பெயர் போல்டன். அவர்தான் மெட்ராஸ் மாகாணத்துக்கு மெஷின்ல காசு அடிச்சு அனுப்பினவர். அதே காசுல பளபளன்னு சில பிரதிகள் செஞ்சு, நாணயம் சேகரிக்கிறவங்க கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே.

பக்கிள் செய்த குடும்பம்

போல்டன் 1728 செப்டம்பர்ல இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துல பிறந்தார். அப்பா பெயரும் மேத்யூ போல்டன்தான். தொழில், சின்னச் சின்ன உலோகச் சாமான் செய்றது: பொத்தான், ஷூவுல போடுற பக்கிள், இந்த மாதிரி. பையன் பதினஞ்சு வயசுக்குள்ளேயே பள்ளிக்கூடத்தை விட்டுட்டு பட்டறைக்கு வந்துட்டான். பதினேழு வயசுல பக்கிள்ல எனாமல் பதிக்கிற ஒரு முறையைக் கண்டுபிடிச்சதாச் சொல்வாங்க. அந்தப் பக்கிள்கள் பிரான்ஸுக்கு ஏற்றுமதியாகி, அங்கிருந்து திரும்ப இங்கிலாந்துக்கே வந்து, பாரிஸ் ஃபேஷன்னு கூடுதல் விலைக்கு வித்துச்சாம். சரக்கை விட சரக்கு மேல இருக்கிற பேருக்குத்தான் விலைன்னு அவருக்கு அப்பவே புரிஞ்சிருக்கணும். பின்னால காசு விஷயத்துல இது ரொம்ப உதவுச்சு.

1749ல மேரி ராபின்சனைக் கல்யாணம் பண்ணார். பிறந்த மூணு பெண் குழந்தைகளும் சின்னதுலேயே இறந்துபோச்சு. 1759ல மேரியும் இறந்துபோனார், அதே வருஷம் அப்பாவும். அடுத்த வருஷம் மேரியோட தங்கை ஆனைக் கட்டிக்கிட்டார். நம்ம ஊர்ல கொழுந்தியாளைக் கட்டுறது யாருக்கும் ஆச்சரியமா இருக்காது. அங்கே அது சர்ச் சட்டப்படி தடை. ஊர் பேசுச்சு. இவர் கவலைப்படலை. இந்தக் கல்யாணத்துல ஒரு பையனும் ஒரு பொண்ணும் பிறந்தாங்க.

1760களில் பர்மிங்காமுக்கு வெளியில சோஹோங்கிற இடத்துல ஒரு பெரிய தொழிற்சாலை கட்டினார். சிதறிக் கிடந்த சின்னப் பட்டறைகளை ஒரே கூரைக்குக் கீழே கொண்டு வந்தது அந்தக் காலத்துக்குப் புதுசு. நல்ல நாளில் ஆயிரம் பேர் வரைக்கும் அங்க வேலை பார்த்தாங்க. தொழிலாளர்கள் சம்பளத்துல அறுபதில் ஒரு பங்கு போட்டு வைக்கிற மாதிரி ஒரு காப்பீட்டுச் சங்கமும் அங்க இருந்தது. உடம்பு முடியாமப் போனா அதிலிருந்து பணம் கிடைக்கும். இ.எஸ்.ஐ. எல்லாம் கனவுல கூட இல்லாத காலம் அது.

வெள்ளிச் சாமான் செய்யத் தொடங்கினப்போ ஒரு தலைவலி வந்தது. வெள்ளியோட தரத்தைச் சோதிச்சு முத்திரை குத்தணும், அந்த அலுவலகம் பர்மிங்காம்ல இல்லை. எழுபது மைலுக்கு மேல தள்ளி செஸ்டருக்கு அனுப்பணும். நம்ம சங்கரன்கோவில்ல இருந்து மதுரை போற தூரம்னு வச்சுக்கோங்க, ஆனா குதிரை வண்டியில, மோசமான ரோட்டுல. போய்த் திரும்புறதுக்குள்ள சாமான் நசுங்கிடும், டிசைன் திருடு போகும். போல்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய்ப் போராடி, 1773ல பர்மிங்காமுக்கும் ஷெஃபீல்டுக்கும் சொந்த முத்திரை அலுவலகம் வாங்கிக் கொடுத்தார். பர்மிங்காம் முத்திரை நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். லண்டன்ல கிரவுன் அண்ட் ஆங்கர்ங்கிற விடுதியில கூடிப் பேசினப்போ காசு சுண்டிப் போட்டுத்தான் யாருக்கு எதுன்னு முடிவு பண்ணாங்கன்னு ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, கடல் இல்லாத ஊருக்கு நங்கூரம் வந்தது மட்டும் நிஜம்.

வாட் வந்த கதை

ஜேம்ஸ் வாட் ஸ்காட்லாந்துக்காரர். தனி கண்டென்சர் வச்ச எஞ்சினுக்கு 1769ல காப்புரிமை வாங்கியிருந்தார். அவரோட பங்குதாரர் ஜான் ரோபக் கடன்ல மூழ்கிட்டார். ரோபக் போல்டனுக்கும் பணம் தர வேண்டியிருந்தது. மத்த கடன்காரங்க சீந்தாத அந்த எஞ்சின் பங்கை போல்டன் கடனுக்குப் பதிலா வாங்கிக்கிட்டார். 1775ல போல்டன் அண்ட் வாட் பிறந்தது. காப்புரிமையை 1800 வரைக்கும் நீட்டிக்கப் பாராளுமன்றத்துல சட்டமே போட வச்சார்.

எஞ்சினை அவங்க எப்படி வித்தாங்கன்னு தெரிஞ்சா நம்ம எம்.பி.ஏ. நண்பர்கள் சந்தோஷப்படுவாங்க. கார்ன்வால் சுரங்கத்துக்காரங்க கிட்ட பழைய நியூகோமன் எஞ்சின் இருந்தது. அதோட ஒப்பிட்டா புது எஞ்சின்ல எவ்வளவு நிலக்கரி மிச்சமாகுதோ, அதுல மூணுல ஒரு பங்கை வருஷா வருஷம் ராயல்டியாக் கட்டணும். மிச்சமானால்தான் காசு. இன்னைக்கு இதுக்கு சப்ஸ்கிரிப்ஷன்னு பேர் வச்சு ஸ்டார்ட்அப் நடத்துறாங்க.

வாட் எப்பவும் பயந்துக்கிட்டே இருக்கிற சுபாவம். தலைவலி, கவலை, இது நடக்காதுன்னு சந்தேகம். அந்த எஞ்சின் வரைபடத்தோட நிக்காம உலகத்துக்கு வந்ததுக்கு, போல்டன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்ததும் ஒரு காரணம். உங்க ப்ராஜெக்ட் டீம்ல யார் வாட், யார் போல்டன்னு யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் வேணும்.

ஏன் காசு அடிக்கப் போனார்?

அன்னைக்கு இங்கிலாந்துல செம்புக் காசு நிலைமை கேவலமா இருந்தது. அரசு மின்ட் 1775க்குப் பிறகு செம்புக் காசு அடிக்கிறதையே நிறுத்திடுச்சு. சந்தையில புழங்கினதுல பெரும்பகுதி கள்ளக்காசு. அதுலயும் நிறைய போல்டனோட சொந்த ஊரான பர்மிங்காம் பட்டறைகள்ல அடிச்சது. முதலாளிங்க கள்ளக்காசை மலிவா வாங்கி அதையே கூலியாக் கொடுத்தாங்க. கடைக்காரர் அதை வாங்க மாட்டார், இல்லைன்னா குறைச்சு வாங்குவார். கடைசியில ஏமாறுறவன் யாரு? கூலிக்காரன்.

இன்னொரு காரணமும் இருந்தது. கார்ன்வால் செம்புச் சுரங்கங்கள்ல போல்டனுக்குப் பங்கு இருந்தது. செம்பு விற்காமத் தேங்கிக் கிடந்தது. செம்பை விழுங்க ஒரு பெரிய வாய் வேணும். காசை விடப் பெரிய வாய் எது? ஆக, கள்ளக்காசை ஒழிக்கணும்ங்கிற நல்லெண்ணமும் வியாபாரக் கணக்கும் ஒண்ணாச் சேர்ந்தது. இதை மறைச்சு அவரை மகானா ஆக்க வேண்டாம்.

1788 வாக்கில சோஹோ மின்ட் தயாராச்சு. நீராவி எஞ்சின் ஒரு பெரிய சக்கரத்தைச் சுத்தும், அந்தச் சக்கரம் எட்டு பிரஸ்ஸை இயக்கும். ஒவ்வொரு பிரஸ்ஸும் நிமிஷத்துக்கு 70 முதல் 84 காசு வரைக்கும் அடிக்கும். கையால சுத்துற திருகு பிரஸ்ஸுக்கு வாட்டசாட்டமான ஆட்கள் வேணும், இதுக்கு ஒரு சின்னப் பையன் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டாப் போதும். 1790ல இதுக்குக் காப்புரிமை வாங்கினார்.

இதுல நாம கவனிக்க வேண்டிய பாகம் காலர். டை ரெண்டும் மேலும் கீழும் அழுத்தும்போது செம்பு பக்கவாட்டுல பிதுங்கும். சுத்தி ஒரு எஃகு வளையம் இருந்தா பிதுங்குறது அதுல மோதி நின்னுடும். அதனால எல்லாக் காசும் ஒரே விட்டம், ஒரே வட்டம். வட்டமும் எடையும் சரியா இருந்தா, கள்ளக்காசைக் கண்ணாலேயே பிடிச்சிடலாம். கள்ளக்காசுக்காரன் பட்டறையில நீராவி எஞ்சின் இருக்காது இல்லையா! அதாவது காசோட பாதுகாப்பே அதோட உற்பத்தித் தரம்தான்னு போல்டன் முடிவு பண்ணினார். இன்னைக்கு ரூபாய் நோட்டுல வர்ற பாதுகாப்பு நூலும் நீர்க்குறியும் இதே யோசனையோட பேரப்பிள்ளைகள்.

இத்தனை செஞ்சும் இங்கிலாந்து அரசு ஒன்பது வருஷம் அவரைக் காக்க வச்சது. 1797லதான் ஆர்டர் வந்தது. ஒரு பென்னி சரியா ஒரு அவுன்ஸ், ரெண்டு பென்னி ரெண்டு அவுன்ஸ். தடிச்ச விளிம்போட வண்டிச் சக்கரம் மாதிரி இருந்ததால மக்கள் அதுக்கு அந்தப் பெயரையே வச்சாங்க. பென்னி மட்டும் 4 கோடிக்கு மேல அடிச்சார். பதினாறு பென்னியைத் தராசுல வச்சா ஒரு பவுண்டு எடை. காசே படிக்கல்!

நம்ம பக்கம் வந்த காசு

சொந்த நாடு யோசிச்சுக்கிட்டிருந்த காலத்துல அவருக்கு வேலை கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. முதல்ல 1786ல சுமத்ராவின் பென்கூலன் பகுதிக்கு. பிறகு பம்பாய்க்கு. 1794ல மெட்ராஸ் மாகாணத்துல இருந்த வடசர்க்கார் பகுதிக்கு, அதாவது இன்னைக்குக் கடலோர ஆந்திராவும் அதை ஒட்டின ஒடிசாவும். ரூபாய்க்கு 48ன்னு ஒரு காசு, 96ன்னு ஒரு காசு.

1803ல நம்ம பக்கத்துக்கான வரிசை வந்தது: 20 காசு, 10 காசு, 5 காசு, 1 காசு. மெட்ராஸ் கணக்குல 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 20 காசு நாணயத்துல ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்குற கம்பெனிச் சின்னம். மறுபக்கம் 20 காசு நாலு ஃபுலூஸ்னு பாரசீக எழுத்துல, கீழே ரோமன் எண்ணில் மதிப்பு. தமிழ்ல ஒரு எழுத்து கிடையாது. ஆனா அந்த இங்கிலீஷ் 'கேஷ்'ங்கிற வார்த்தை? அது நம்ம 'காசு'தான், போர்ச்சுகீசியர் வாய் வழியாப் போனது. ரொக்கப் பணத்தைக் குறிக்கிற 'கேஷ்' வேற வேர், பெட்டியைக் குறிக்கிற பிரெஞ்சு வார்த்தையில இருந்து வந்தது. ரெண்டும் பார்க்க ஒண்ணு, பிறப்பு வேற.

இந்தத் தேதிகளை நம்ம ஊர்ச் சரித்திரத்தோட வச்சுப் பாருங்க. நெற்கட்டும்செவல் இங்கிருந்து கூப்பிடு தூரம். பூலித்தேவர் நம்ம சங்கரநாராயணர் கோவிலுக்குள்ள போய் மறைஞ்சார்னு இன்னைக்கும் சொல்றாங்க. 1799 அக்டோபர்ல கயத்தாறுல கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801ல ஆற்காட்டு நவாப் கையில இருந்து திருநெல்வேலிச் சீமை உட்பட கர்நாடகம் முழுக்கக் கம்பெனி ஆட்சிக்குப் போச்சு. ரெண்டே வருஷத்துல, 1803ன்னு பொறிச்ச காசு. ஊரைப் பிடிச்சாச்சு, அடுத்து சந்தையில புழங்குற காசுலயும் கம்பெனிச் சின்னம். அந்தக் காசோட அழகான வட்டத்தைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்கணும்.

சோஹோவுல அடிச்ச ஒரு மெடல் இதை இன்னும் பச்சையாச் சொல்லும். 1799 மே 4 ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார். சண்டை போட்ட படைக்குக் கொடுக்கக் கம்பெனி மெடல் ஆர்டர் பண்ணுச்சு. போல்டனோட செதுக்கர் கூக்லர் அதை வடிவமைச்சார். சிங்கம் புலியைக் கீழே தள்ளி அமுக்குற படம். புலி யாருன்னு சொல்ல வேண்டியதில்லை. பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், அடுத்து வெள்ளி, அப்புறம் வெண்கலம். சாதாரண சிப்பாய்க்குத் தகரம் மாதிரி வெளுத்த ஈயம். அதை மார்ல குத்திக்கிட்டவங்கள்ல நம்ம மெட்ராஸ் படை ஆட்களும் இருந்தாங்க.

சேகரிப்பாளருக்கு விற்ற காசு

இப்போ ப்ரூஃப் காசுக்கு வருவோம். ப்ரூஃப்னா புழக்கத்துக்கு இல்லாம, தனிக் கவனத்தோட அடிக்கிற காசு. டையை கண்ணாடி மாதிரி மெருகேத்துவாங்க, வெறும் வில்லையையும் மெருகேத்துவாங்க, அவசரமில்லாம அழுத்தமா அடிப்பாங்க. ஒவ்வொரு காசும் தனித்தனியா எடுத்து வைக்கப்படும், பெட்டியில கொட்டப்படாது. முதல்ல இது டை சரியா இருக்கான்னு பார்க்கவும், பெரிய மனுஷங்களுக்குக் காட்டவும் செஞ்ச மாதிரிதான்.

போல்டனுக்கு ஆரம்பத்துல இது வியாபார ஆயுதம். 1788ல பாரிஸ்ல இருந்து வந்த செதுக்கர் ட்ரோஸை வச்சு அரைப் பென்னி மாதிரிகள் செஞ்சு அரசாங்க ஆட்களுக்குக் காட்டினார். ட்ரோஸோட பிறகு சண்டையாகிப் பிரிஞ்சது வேற கதை. மாதிரிக் காசு கைமாறிக் கைமாறிப் போகப் போக, இதை வாங்கி வைக்க ஒரு கூட்டமே இருக்குன்னு தெரிஞ்சது.

1790கள்ல இங்கிலாந்துல நாணயம் சேகரிக்கிறது ஒரு பித்து. அரசு செம்புக் காசு அடிக்காததால வியாபாரிகள் தாங்களே டோக்கன் அடிச்சு விட்டாங்க. அதைச் சேகரிக்க ஆள் வந்தாங்க. சேகரிக்க ஆள் வந்ததும் சில பட்டறைகள் வேணும்னே ஒரு டோக்கனோட முன்பக்கத்தையும் இன்னொண்ணோட பின்பக்கத்தையும் சேர்த்து அடிச்சு, அரிய வகைன்னு வித்தாங்க. 1798ல ஜேம்ஸ் காண்டர் போட்ட பட்டியல் புத்தகத்தால, அந்த டோக்கன்களுக்கு இன்னைக்கும் அவர் பெயர்தான்.

சோஹோ இதை வேற தரத்துல செஞ்சது. ஒரே காசு, நாலு உடுப்பு: வெறும் செம்பு, வெண்கல நிறம் ஏத்தினது, தங்க முலாம் பூசினது, வெள்ளி. காத்தும் விரலும் படாம இருக்க ரெண்டு மெல்லிய உலோக மூடிக்குள்ள வச்சு அடைச்சாங்க. நம்ம வீட்டுக் குங்குமச் செப்பை நினைச்சுக்கோங்க, அதைத் தட்டையாக்கினா எப்படி இருக்கும், அப்படி. 200 வருஷம் கழிச்சும் சில காசு அந்தச் செப்போடயே ஏலத்துக்கு வருது, உள்ளே இருக்கிறது நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. நம்ம மெட்ராஸ் 20 காசுலயும் வடசர்க்கார் காசுலயும் தங்க முலாம் பூசின ப்ரூஃப் உண்டு. யோசிச்சுப் பாருங்க: இங்கே ஒரு பாட்டி கீரை வாங்கினதும், அங்கே ஒரு சீமான் பட்டுத்துணியில வச்சுப் பார்த்ததும் ஒரே வடிவமைப்புக் காசு.

சிலருக்குப் பரிசாப் போச்சு, சிலருக்கு விலைக்குப் போச்சு. ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் போல்டனோட நண்பர். அவரோட தங்கை சாரா சோஃபியா பேங்க்ஸ் அந்தக் காலத்துப் பெரிய சேகரிப்பாளர்கள்ல ஒருத்தர். ஆயிரக்கணக்கான நாணயங்களும் டோக்கன்களும் மெடல்களும் வச்சிருந்தார். சோஹோ காசுகள் அவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. 1818ல அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் ராயல் மின்ட்டுக்கும் போச்சு. பெண்கள் அறிவியல் சங்கங்கள்ல உட்காரவே முடியாத காலத்துல, எந்தக் காசு எங்கிருந்து எப்போ வந்ததுன்னு அவர் எழுதி வச்ச குறிப்புகள் இன்னைக்கும் ஆராய்ச்சிக்கு உதவுது.

கடைசி வருஷம்

1805ல டிரஃபால்கர் கடல் போரில் சண்டை போட்ட மாலுமிகள் எல்லாருக்கும் போல்டன் தன் சொந்தச் செலவுல மெடல் அடிச்சுக் கொடுத்தார். லண்டன்ல கட்டின புது ராயல் மின்ட்டுக்கு மெஷின்கள் கொடுத்தார். ரஷ்யாவுக்கும் டென்மார்க்குக்கும் மின்ட்டே விற்றார். ஆனா சிறுநீரகக் கல் அவரைப் பல வருஷமா வாட்டிக்கிட்டிருந்தது.

1809 ஜனவரியில அட்மிரல் கார்ட்னர்ங்கிற கம்பெனிக் கப்பல், 1808ன்னு பொறிச்ச மெட்ராஸ் 10 காசும் 20 காசும் பீப்பாய் பீப்பாயா ஏத்திக்கிட்டுக் கிளம்புச்சு. இங்கிலாந்துக் கரையையே தாண்டலை. குட்வின் மணல்திட்டுல புயல்ல மாட்டி மூழ்கிடுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 17 ஆம் தேதி போல்டனும் இறந்தார். வயசு 80. அவரோட இறுதிச் சடங்குக்குன்னே ஒரு நினைவு மெடல் சோஹோவுல அடிச்சாங்க. 1980கள்ல முக்குளிப்பவர்கள் அந்தக் கப்பலைக் கண்டுபிடிச்சு லட்சக்கணக்கான காசுகளை வெளியில எடுத்தாங்க. சந்தைக்கு வந்து தேய்ஞ்சிருக்க வேண்டிய காசு, ஒரு நாள் கூடப் புழங்காம 175 வருஷம் கடல்ல கிடந்து, இன்னைக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் கையில இருக்கு.

டை மிஞ்சினா என்ன ஆகும்?

போல்டன் கதை அவர் சாவோட முடியலை. 1820கள்ல சோஹோ மெஷின்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் கப்பல் ஏறி வந்தது. 1840களின் கடைசியில சோஹோ மின்ட்டையே கலைச்சாங்க. 1850ல நடந்த ஏலத்துல பிரஸ்களை ரால்ஃப் ஹீட்டன் வாங்கினார், அதுதான் பின்னால பர்மிங்காம் மின்ட் ஆச்சு. பழைய டைகள் லண்டன்ல டை செதுக்குற டபிள்யூ. ஜே. டெய்லர் கைக்குப் பழைய இரும்பு மாதிரிப் போச்சு.

டெய்லர் சும்மா இருப்பாரா? அந்த டைகளைத் துடைச்சு, போல்டன் காலத்து ப்ரூஃப்களையும் மாதிரிகளையும் மறுபடி அடிச்சுச் சேகரிப்பாளர்களுக்கு வித்தார். டை அசல். தேதி அசல். செதுக்கல் அசல். அடிச்ச கை மட்டும் வேற, காலம் மட்டும் வேற. இது கள்ளக்காசா? சட்டப்படி இல்லை. அப்போ அசலா? அதுவும் இல்லை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ரொம்ப காலம் ஆச்சு. 1960ல வில்சன் பெக் பிரிட்டிஷ் மியூசியத்துச் செம்புக் காசுகளுக்குப் பெரிய பட்டியல் போட்டப்போ, ஆரம்ப சோஹோ, பிந்தைய சோஹோ, டெய்லர் மறு அச்சுன்னு பிரிச்சுக் காட்டினார். எப்படி? டை சும்மா கிடந்த வருஷங்கள்ல அதுல துரு ஏறியிருக்கும். துரு டையில குழியாகும், குழி காசுல சின்னப் புள்ளியா மேடாகும். லென்ஸ் வச்சுப் பார்த்தா அந்தப் புள்ளி தெரியும். மெட்டலர்ஜி பேப்பர்ல அரிப்பு பத்தி பதினாறு மார்க் கேள்வி எழுதியிருப்போமே, அது இங்கே துப்பறிய உதவுது.

இது அங்கே மட்டும் நடந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தா, பம்பாய் மின்ட்களும் பழைய டைகளை வச்சுச் சேகரிப்பாளர்களுக்காக மறு அச்சு அடிச்சுக் கொடுத்திருக்கு. அதனால பழைய இந்தியக் காசு ஏலப் பட்டியல்ல அசல் ப்ரூஃப், மறு அச்சு ப்ரூஃப்னு தனித்தனியா எழுதுவாங்க. விலையும் தனித்தனி.

உங்க வீட்டுப் பெட்டியில இருந்தா

ஆடித்தபசு நேரத்துல எங்க ஊர்த் தெருவுல துணியை விரிச்சுப் பழைய காசு விக்கிறவங்களைப் பார்க்கலாம். கம்பெனிக் காசும் இருக்கும், நேத்து வார்த்து அமிலத்துல கறுக்க வச்ச போலியும் இருக்கும். அது கூடப் பரவாயில்லை, போனா சில நூறு ரூபா. இப்போ வாட்ஸ்அப்ல வர்றது மோசம். உங்க கிட்ட இருக்கிற பழைய காசுக்கு லட்சக்கணக்குல தர்றோம், முதல்ல பதிவுக் கட்டணம் கட்டுங்க, அப்புறம் ஜி.எஸ்.டி. கட்டுங்கன்னு. ரிசர்வ் வங்கி பெயரையே போட்டு ஏமாத்துறாங்க. அப்படி எந்தக் கட்டணமும் தாங்கள் கேக்கிறதில்லைன்னு ரிசர்வ் வங்கி 2021ல வெளிப்படையா எச்சரிக்கை விட்டுச்சு. உங்க அம்மா, ஆச்சி, பக்கத்து வீட்டு அண்ணாச்சி எல்லாருக்கும் இதைச் சொல்லி வைங்க. ஏமாறுறது அவங்கதான். போல்டன் காலத்துக் கூலிக்காரன் மாதிரியே, சங்கிலியோட கடைசியில நிக்கிறவங்க.

அப்புறம், வீட்டுல நிஜமாவே 1803 காசு இருந்தா தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. குத்துவிளக்குக்குப் புளி சரி. காசுக்கு 200 வருஷம் படிஞ்ச அந்தக் கறுப்புதான் சாட்சி. பளபளன்னு ஆக்கினா அது ப்ரூஃப் ஆகாது, மேற்பரப்பு போன காசுதான் ஆகும். ஓரத்தைப் பிடிச்சு எடுங்க, காகித உறையில போட்டு வைங்க. யார்கிட்ட இருந்து வந்தது, எந்த ஊர்ல கிடைச்சதுன்னு ஒரு சீட்டுல எழுதி அதோட வைங்க. சாரா பேங்க்ஸ் செஞ்சது அதைத்தான்.

புதுசா சேகரிக்கணும்னு ஆசையா? நம்ம அரசு மின்ட்களே ப்ரூஃப் செட் விக்குது. 1969 காந்தி நூற்றாண்டு காசுகளுக்கு ப்ரூஃப் செட் வந்தது. தஞ்சைப் பெரிய கோவிலோட ஆயிரம் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் நாணயம் வந்தது. காமராஜருக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, கலைஞருக்கெல்லாம் நூறு ரூபாய் நாணயம் வந்தது. இப்போ ஆன்லைன்ல நேரா அரசு நிறுவனத்துக்கிட்டயே பதிவு பண்ணலாம், இடையில தரகர் வேண்டாம். மும்பை மின்ட் ப்ரூஃப் காசுல தேதிக்குக் கீழே எம்ங்கிற எழுத்து இருக்கும், சாதாரணக் காசுல வைரப் புள்ளி. இது யார் அடிச்சது, எதுக்கு அடிச்சதுன்னு காசே சொல்லிடும். டெய்லர் மாதிரி ஆளுக்கு வேலை இல்லை.

2011ல இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 50 பவுண்டு நோட்டுல போல்டனும் வாட்டும் சேர்ந்து இருந்தாங்க. அந்த வங்கி நோட்டுல ரெண்டு பேர் ஒண்ணா வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு அந்த இடத்துக்கு ஆலன் டூரிங் வந்தார், 2022 செப்டம்பரோட போல்டன் நோட்டு செல்லாததாச்சு. காசுக்கும் நோட்டுக்கும் செல்லுபடியாகிற காலம்னு ஒண்ணு உண்டு. ஆனா கள்ளக்காசு அடிக்க முடியாத அளவுக்குக் காசை ஒழுங்கா அடிக்கணும்னு ஒருத்தர் பிடிவாதமா இருந்தாரே, அது இன்னும் செல்லுது. அடுத்த தடவை டீக்கடையில மிச்சம் வாங்கும்போது ஒரு நொடி ஓரத்தைத் தடவிப் பாருங்க. அந்த வட்டம் தானா வந்ததில்லை.